இடது பக்கம் திரும்பாத பையன்

ஈஸ்டன் ஹால்வர்சனுக்கு இடது பக்கம் திரும்ப வராது என்பது ஹார்லோ ஃபால்ஸ் ஊரில் மூன்று பேருக்குத் தெரியும். ஒருவன் ஈஸ்டன். இன்னொருவர் ஐஸ் ஹாக்கியில் அவனுக்கு ஜோடியாக ஆடும் லோர்ன் பெட்ரிஷின். மூன்றாவது லோர்னின் மனைவி க்ளோடெட். அவனை வளர்த்து ஆளாக்குவதற்கென்றே சம்பளம் வாங்கும் கர்பி ஸ்டாலரிக்கு மட்டும் தெரியாது.

ஞாயிறு மதிய ஆட்டம். ஐஸ் அரங்கத்தில் வீரர்களின் மனைவிமாருக்கு என்று ஒதுக்கிய வரிசை, ஐஸ் தேய்க்கும் வண்டி நிற்கும் கொட்டகைக்கு நேர் மேலே இருந்தது. டீசல் நாற்றம் இலவசம். க்ளோடெட் கையில் காபியோடு உட்கார்ந்து, ஆடும் ரப்பர் வட்டைப் பார்க்காமல் ஈஸ்டனின் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கோல் காப்பாளரின் மனைவி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெண் ஐஸைப் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் கல்யாணம் இத்தனை நாள் நிலைத்திருக்காது என்பாள்.

ஈஸ்டனுக்கு இருபது வயது. நிலைப்படியில் தலை இடிக்கும் உயரம். ஹாக்கி மட்டை செய்யும் கம்பெனியின் பெயரைப் பிள்ளைக்கு வைத்த மின்னசோட்டா அப்பாவின் மகன். எதிரணியின் தாக்குதல்காரன் வட்டோடு பாய்ந்து வரும்போது தடுப்பாட்டக்காரன் அவனைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்க வேண்டும். வருகிறவன் எந்தப் பக்கம் வெட்டுகிறானோ அந்தப் பக்கம் சட்டென்று திரும்பி ஓட வேண்டும். வலது பக்கம் என்றால் ஈஸ்டன் திரும்புவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். இடது பக்கம் என்றால் குறுகிய சந்தில் லாரியைத் திருப்புகிற கதைதான்.

இதோ, எதிரணிக்காரன் ஒருவன் ஈஸ்டனின் இடது பக்கமாக, அதாவது அவனுக்கும் லோர்னுக்கும் நடுவில், வெட்டினான். லாரி திரும்பத் தொடங்கியது. அது திரும்பி முடிப்பதற்குள் லோர்ன் தன் இடத்தை விட்டு நடுவுக்கு வந்து, அவசரமே இல்லாமல் மட்டையை நீட்டி வட்டைத் தட்டிவிட்டார். வட்டு ஈஸ்டனின் மட்டைக்கே போய்ச் சேர்ந்தது. அவன் வலது பக்கம் திரும்பி, கண் கோடி வேண்டும்படியாக அதை எடுத்துக்கொண்டு போனான். கூட்டம் எழுந்து கை தட்டியது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா அவனை?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கர்பி ஸ்டாலரி.

மேலணியிலிருந்து, அதாவது பெரிய லீக்கில் ஆடும் தாய் அணியிலிருந்து, மாதம் இரண்டு முறை வருகிறவர் அவர். இளம் தடுப்பாட்டக்காரர் முன்னேற்ற இயக்குநர் என்று பதவி. உறைபனியிலும் மெல்லிய கோட்டுதான் போடுவார். அக்குளில் எப்போதும் ஒரு டேப்லெட் இருக்கும்.

"பாத்தேன் கர்பி," என்றாள் க்ளோடெட்.

"அந்தப் பையன் ஐஸ்ல இருக்கும்போது எதிராளி கோலே போடறதில்ல. டேட்டா சொல்லுது. போன வருஷம் இதே பையன் இதே ஐஸ்ல தடுமாறிட்டு இருந்தான். இப்ப பாருங்க. இதுக்குப் பேர்தான் வளர்ச்சி."

"ஆமாமா. நல்லா வளர்ந்திருக்கான். போன வாரம் எங்க வீட்டு விளக்குல முட்டிக்கிட்டான்."

கர்பி சிரித்தார். டேட்டாவில் இல்லாத எதற்கும் அவர் அப்படித்தான் சிரிப்பார்.

ஹார்லோ ஃபால்ஸ் பீவர்ஸ் ஒரு கீழணி. மேலணிக்கு ஆள் தயாரிக்கும் நாற்றங்கால். இங்கே ஜெயிப்பது முக்கியமில்லை, வளர்வதுதான் முக்கியம் என்று மேலணி சொல்லிக்கொண்டே இருந்தது. பீவர்ஸும் அதை மனதார ஏற்றுக்கொண்டு தோற்றுக்கொண்டே இருந்தார்கள். அதில் லோர்ன் முப்பத்திநாலு வயதுக்காரர். வழுக்கைத் தலை, ஒட்டுப் போட்ட முட்டி, முன்வரிசையில் பாதி பொய்ப் பல். பதினான்கு வருடங்களாகக் கீழணிகளிலேயே காலம் தள்ளியவர். மேலணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. பல் மருத்துவமனையில் வேலை பார்த்த க்ளோடெட்டை அவர் சந்தித்ததே உடைந்த பல்லோடுதான். முதல் சந்திப்பில் அவள் கை அவர் வாய்க்குள் இருந்தது. பேச முடியாத மனிதரைக் காதலிப்பது சுலபமாக இருந்தது என்று அவள் இன்றும் சொல்வாள்.

அதன்பிறகு ஏழு ஊர். ஏழு வாடகை வீடு. மகள் மேவுக்குப் பதினொரு வயதுக்குள் ஐந்து பள்ளிக்கூடம். இந்த ஊரில்தான் முதல்முறையாக அந்தப் பெண்ணுக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள். தினமும் சண்டை போட்டு தினமும் சமாதானமாகும் அளவுக்குச் சிநேகிதி.

அதனால்தான் அக்டோபரில், கோழி இறக்கை வறுவல் விற்கும் கடையில் உட்கார்ந்து கர்பி அந்த வாக்கைக் கொடுத்தபோது, க்ளோடெட் மேசைக்கு அடியில் கணவரின் தொடையைக் கிள்ளினாள்.

"லோர்ன், உன் முட்டி எனக்குத் தெரியும்," என்றார் கர்பி, விரலில் ஒட்டிய மசாலாவை நக்கியபடி. "ஹால்வர்சனை உன் பக்கத்துல போடறேன். சீசன் முடியறதுக்குள்ள அவன் மேலணியில நின்னுட்டான்னா, அடுத்த வருஷம் இங்க தடுப்பாட்டக் கோச் நீதான். இதே ஊர். பெட்டி கட்ட வேண்டாம்."

இதே ஊர். பெட்டி கட்ட வேண்டாம். அந்த ராத்திரி க்ளோடெட் வீட்டு உரிமையாளரிடம் பேச்சுவாக்கில், இந்த வீட்டை விற்கிற எண்ணம் உண்டா என்றுகூடக் கேட்டுவைத்தாள்.

ஆக, லோர்னின் வேலை பையனை நல்ல ஆட்டக்காரனாக ஆக்குவது என்று கர்பி நினைத்தார். பையனை நல்ல ஆட்டக்காரனாகக் காட்டினால் போதும் என்று லோர்ன் புரிந்துகொண்டார். இரண்டில் எது சீக்கிரம் முடியும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஈஸ்டன் பாதி நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு பெட்ரிஷின் வீட்டில்தான் இருப்பான். அவன் வாடகை வீட்டில் அடுப்பை இதுவரை பற்ற வைத்ததில்லை. அணியில் எல்லாருடைய குடும்பப் பெயரையும் வெட்டி ஒரு வாலை ஒட்டிக் கூப்பிடுவது வழக்கம் என்பதால் அவன் ஹால்வி, லோர்ன் பீட்டி. க்ளோடெட்டை அவன் மிசஸ் பி என்பான்.

"மிசஸ் பி, இன்னும் ரெண்டு பெரோகி இருக்குமா?"

"பன்னெண்டு தின்னாச்சு," என்றாள் மேவ். "நான் பாத்துட்டே இருக்கேன்."

"வளர்ற பையன்மா நான். கர்பியே சொல்லியிருக்கார்."

க்ளோடெட் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைகளை அவன் தட்டில் தள்ளினாள். அவன் வெங்காயத்தோடு ஒன்றை விழுங்கிவிட்டு, லோர்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சொன்னான்.

"பீட்டி, எனக்கு இடது பக்கம் வரல."

"வருது வருது," என்றார் லோர்ன்.

"வரல. இன்னைக்கு மூணு தடவை நீங்க வந்து எடுத்தீங்க. நான் எண்ணினேன்."

"அதுக்குத்தானே ஜோடின்னு போடறாங்க?"

"பயிற்சி முடிஞ்சு ஒரு அரை மணி நேரம் இருந்து சொல்லிக் குடுக்கறீங்களா? கர்பி கிட்ட கேட்டேன். விழற மாதிரி எதுவும் இப்ப செய்யாதே, தன்னம்பிக்கை போயிடும்னு சொல்லிட்டார்."

"அவர் சொன்னா சரிதான். அடுத்த வாரம் பாப்போம்."

அடுத்த வாரம் வெளியூர் ஆட்டம். அதற்கடுத்த வாரம் லோர்னின் முட்டி. அதற்கும் அடுத்த வாரம் ஈஸ்டன் கேட்பதை விட்டுவிட்டான். க்ளோடெட் பாத்திரம் கழுவியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லிக் கொடுத்தால்தான் என்ன என்று கணவரைக் கேட்க வாய் திறந்தாள். பையன் திரும்பக் கற்றுக்கொள்ளும்வரை தடுமாறுவான், தடுமாறினால் எண்கள் கெடும், எண்கள் கெட்டால் மேலே போகமாட்டான், அவன் போகாவிட்டால் மே மாதம் பெட்டி கட்ட வேண்டும். அவள் வாயை மூடிக்கொண்டு, அதற்குப் பதிலாக ஈஸ்டனுக்கு ஒரு ஆப்பிள் கேக் செய்து கொடுத்தாள். கேக்கைத் தின்றுவிட்டு அவன், "எங்கம்மாவே இப்படிச் செஞ்சதில்ல மிசஸ் பி," என்றான். அன்று முழுக்க அவளுக்கு நெஞ்சு கரித்தது. கேக்கில் வெண்ணெய் அதிகம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஜனவரியில் மேலணியின் தடுப்பாட்டக்காரர் ஒருவருக்குக் காயம். கீழ் உடம்பில் காயம் என்று அறிவித்தார்கள். ஹாக்கியில் உடம்புக்கு இரண்டே பாகம்தான், மேல், கீழ். எங்கே அடி என்று எதிரணிக்குத் தெரிந்தால் அங்கேயே அடிப்பார்கள் என்று பயம். இந்த மனிதர் கிறிஸ்துமஸ் விளக்குகளைக் கழற்றும்போது ஏணியிலிருந்து விழுந்தார் என்பது வீரர்களின் மனைவிமார் எல்லாருக்கும் அன்று மதியமே தெரிந்துவிட்டது.

ஈஸ்டனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு பெட்ரிஷின் வீட்டு வாசலில் வந்து நின்றபோது முகம் பால் மாதிரி வெளுத்திருந்தது.

"சந்தோஷமா இல்லையாடா?" என்றாள் க்ளோடெட்.

"அங்க என் பக்கத்துல யார் ஆடுவாங்க மிசஸ் பி?"

"யாரோ பெரிய ஆள்தான். கோடிக்கணக்குல சம்பளம் வாங்கறவர்."

"அதான். அவருக்கு அவர் வேலை இருக்குமே."

அவள் அவன் கழுத்தில் மப்ளரை இறுக்கிக் கட்டினாள்.

மறுநாள் மூன்று பேரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தார்கள். மேலணிக்கு முதல்முறை ஆடுகிறவனை, ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் தனியாக ஐஸில் இறக்கிவிடுவார்கள். மற்றவர்கள் கதவுக்குப் பின்னால் பதுங்கி நின்று சிரிப்பார்கள். தலைக்கவசமும் போட விடமாட்டார்கள். பாதிச் சுற்று போனபிறகுதான் பின்னால் ஒருவரும் வரவில்லை என்று அவனுக்குத் தெரியும். ஈஸ்டன் தன் பொன்னிற முடி பறக்க, வெட்கத்தோடு தனியாகச் சுற்றினான். மேவ் கைதட்டினாள். லோர்ன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார். அந்த ஒரு சுற்றுக்காகப் பதினான்கு வருடம் காத்திருந்த மனிதர் அவர்.

அப்புறம் ஆட்டம் தொடங்கியது. எதிரணிக்காரர்கள் இடது பக்கத்தைக் கண்டுபிடிக்க நாலு நிமிடம் ஆயிற்று. ஒருவன் அந்த வழியே போய்க் கோல் போட்டான். பிறகு எல்லாரும் அதே வழியில் போனார்கள். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் பெரிய ஆள் தன் இடத்திலேயே நின்று, என்னடா இது என்பது போல் இரண்டு கையையும் விரித்தார்.

"பாவம்பா," என்றாள் மேவ்.

க்ளோடெட் எழுந்து சமையலறைக்குப் போய், கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள்.

அவனைத் திருப்பி அனுப்புவார்கள் என்றுதான் லோர்னும் க்ளோடெட்டும் நினைத்தார்கள். ஆனால் கர்பி தன் டேட்டாவைப் பார்த்தார். டேட்டா பொய் சொல்லாது. கீழே கோலே விழாத பையனுக்கு மேலே கோலாக விழுகிறது என்றால், பையனிடம் என்ன கோளாறு இருக்க முடியும்? ஜோடிதான் கோளாறு.

"கெமிஸ்ட்ரி!" என்று தொலைபேசியில் கத்தினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் மேவ்கூடக் காதைப் பொத்திக்கொண்டாள். "லோர்ன், சனிக்கிழமை மதிய ஆட்டம். உன் ஸ்கேட்ஸை எடுத்துக்கிட்டு கிளம்பு. நீ மேல வர்றே!"

லோர்ன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"க்ளோடி, எனக்கா?"

"உனக்குத்தான்," என்றாள் அவள். அவர் வழுக்கையில் ஒரு முத்தம் கொடுத்தாள். அந்த நிமிடம் அவளுக்கு ஊரும் நினைவில்லை, வீடும் நினைவில்லை.

சனிக்கிழமை காலை மேலணியின் நகரத்தில், ஓட்டல் சாப்பாட்டு அறையில், ஆட்டத்துக்கு முந்தைய பாஸ்தாவை லோர்னும் ஈஸ்டனும் எதிரெதிரே உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தார்கள். காரில் வந்திருந்த க்ளோடெட்டும் மேவும் அப்பத்தில் சிரப்பை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போது கர்பி கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மேலிடத்துல பேசிட்டேன். இன்னைக்கு இது நல்லா போச்சுன்னா, லோர்னுக்கு ரெண்டு வருஷ ஒப்பந்தம். இனிமே நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு. ஹால்வி எங்க போறானோ லோர்ன் அங்க. அவனை வேற அணிக்குக் குடுத்தா உன்னையும் சேர்த்தே குடுப்போம்."

"வேற அணிக்கா?" என்றாள் க்ளோடெட்.

"இப்போதைக்கு இல்ல. வசந்தத்துல இருக்கலாம். மேற்குக்கரையில ரெண்டு அணி கேட்டுட்டு இருக்காங்க."

"அந்தக் கோச் வேலை?"

"அய்யோ, கோச்சா? மேலணியில ஆடற ஆளை யாராவது கோச்சாப் போடுவாங்களா?"

மேவ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். ஈஸ்டனும் வைத்தான். அவன் சாப்பாட்டை நிறுத்தி க்ளோடெட் பார்த்தது அன்றுதான்.

"அப்போ நான் எப்பவுமே இடது பக்கம் திரும்பவே வேண்டாமா?" என்றான்.

"நீ ஏன்டா திரும்பணும்?" என்று கர்பி அவன் முதுகில் தட்டினார். "அதுக்குத்தான் பீட்டி இருக்காரே!"

கர்பி போனார். மேவ்தான் முதலில் பேசினாள். "நான் மேற்குக்கரைக்கெல்லாம் வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"பீட்டி," என்றான் ஈஸ்டன். "இன்னைக்கு நீங்க உங்க பக்கத்துலயே நின்னுடுங்க."

"கோல் விழும்டா."

"விழட்டும்."

"உன் பேருக்குத்தான் கெடுதல்."

"உங்களுக்கு முப்பத்தாறு முப்பத்தேழுல முட்டி போயிடும். அப்புறம் நான் என்ன பண்றது? யார் கிட்டயாவது பையன் நல்லவன், ஒரு பக்கம் மட்டும் பூட்டிக்கிச்சுன்னு எழுதி வாங்கிட்டுப் போகவா?"

லோர்னுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "அவ்வளவு வயசாயிடல எனக்கு. தின்னுட்டுப் போய்த் தூங்கு." ஆட்டத்துக்கு முன்னால் குட்டித் தூக்கம் இந்தத் தொழிலில் சாமி கும்பிடுவது போல.

பையன் போனதும் லோர்ன் மனைவியைப் பார்த்தார். "நீ என்ன சொல்றே?"

"நான் ஒண்ணும் சொல்லல. பதினாலு வருஷம் காத்திருந்தது நீ."

"சொல்லாம இருந்தாலே நீ ரெண்டு பக்கம் சொல்லிடுவே."

"சரி, ஒண்ணு மட்டும் சொல்றேன். கீழ அவனுக்காக நீ ஆடும்போது எனக்கும் அது வேண்டியிருந்தது. வீட்டுக்காக வாயை மூடிக்கிட்டேன். அந்தப் பையன் நம்ம வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு நம்மளையே நம்பிட்டு இருந்தான். அது எனக்குப் பிடிக்கல. உன்னை இல்ல, என்னை."

லோர்ன் ஆறிப்போன பாஸ்தாவைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

பயிற்சி நேரத்தில் கதவு திறந்தது. லோர்ன் ஐஸில் இறங்கினார். பின்னால் ஒருவரும் வரவில்லை. வெள்ளை விளக்கில் வழுக்கை பளபளக்க, பெரிய அரங்கத்தில் முப்பத்திநாலு வயதுப் புதுமுகம் தனியாகச் சுற்றியது. அவருக்கு இந்த வழக்கம் நன்றாகவே தெரியும். அதனால் ஏமாந்தவர் போல் நடிக்கக்கூட இல்லை. மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாக, கோடி முனைவரை போய்த் திரும்பினார். அரங்கத்தில் பாதிப் பேருக்கு அவர் யாரென்று தெரியாது. தெரிந்த இரண்டு பேர் தொண்டை கிழியக் கத்தினார்கள். க்ளோடெட் அழுதாள். மூக்கைச் சிந்தியபடி, அழவில்லை என்று மகளிடம் சாதித்தாள்.

ஆட்டம் தொடங்கியதும் பழக்கம் விடவில்லை. எதிரணிக்காரன் இடது பக்கம் வெட்டினான், லோர்ன் நடுவுக்கு வந்து தட்டிவிட்டார். இரண்டாவது முறையும் அப்படியே. மேலே கண்ணாடி அறையில் கர்பி துள்ளிக் குதிப்பது தெரிந்தது. இருவரும் பெஞ்சுக்குத் திரும்பியதும் ஈஸ்டன் மட்டையால் பலகையை ஓங்கி அடித்து, லோர்னின் முகத்துக்கு நேரே எதையோ கத்தினான். என்ன வார்த்தை என்று க்ளோடெட்டுக்குக் கேட்கவில்லை. மகளுக்குக் கேட்காதது நல்லது என்று மட்டும் தெரிந்தது.

லோர்ன் தண்ணீர் குடித்தார். துண்டால் மண்டையைத் துடைத்தார். பிறகு ஒருமுறை மெல்லத் தலையாட்டினார்.

அடுத்த முறை எதிரணிக்காரன் நடுவில் வெட்டினான். லாரி திரும்பத் தொடங்கியது. லோர்ன் தன் இடத்திலேயே நின்றார். நிற்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவர் முதுகிலேயே க்ளோடெட்டுக்குத் தெரிந்தது. கோல். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. மூன்றாவது முறை ஈஸ்டன் பாதி திரும்பி உட்கார்ந்துவிட்டான்; அதுவும் கோல். நாலாவது முறை முழுதாகத் திரும்பினான், ஆனால் அதற்குள் வட்டு வலைக்குள் போயிருந்தது. கடைசிப் பகுதியில் ஒரே ஒரு முறை, இடது கால் ஐஸைக் கீறிக்கொண்டு சுழன்றது. அவன் எதிராளியின் பின்னாலேயே ஓடி, தடுக்கி விழுந்து, விழுந்த வாக்கில் மட்டையை நீட்டி வட்டைத் தட்டிவிட்டான். அழகாக இல்லை. கண் கோடி தேவைப்படவில்லை. அரங்கத்தில் யாரும் கை தட்டவில்லை. லோர்ன் மட்டும் தன் மட்டையை ஐஸில் இரண்டு முறை தட்டினார்.

அவர்கள் ஐஸில் இருந்தபோது விழுந்த கோல்கள் நாலு; ஒவ்வொன்றுக்கும் இருவர் கணக்கிலும் ஒன்று கழியும். லோர்ன் பெட்ரிஷின், மேலணியில் ஆடிய ஆட்டம் ஒன்று, கழித்தல் நாலு. இனி யார் எப்போது தேடினாலும் அவர் பெயருக்கு நேரே இதுதான் இருக்கும்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே உள்ள நடைவழியில் கர்பி டேப்லெட்டோடு நின்றிருந்தார். முகம் சாவு வீட்டு முகம்.

"எனக்குப் புரிஞ்சிடுச்சு க்ளோடெட்," என்றார். "சொல்லவே சங்கடமா இருக்கு. டேட்டா பொய் சொல்லாது. பையன் அதே பையன். அப்போ மாறினது யாரு?"

"லோர்ன்," என்றாள் க்ளோடெட்.

"லோர்ன்! ரெண்டு தடவை நல்லா ஆடினார், அப்புறம் நின்ன இடத்துலயே நிக்கறார். கால் போயிடுச்சு."

க்ளோடெட்டின் நாக்கு நுனியில் உண்மை வந்து நின்றது. அதை விழுங்கினாள். பதிலாக ஒரு பெருமூச்சு விட்டாள். கல்யாண வாழ்க்கையிலேயே இவ்வளவு நல்ல பெருமூச்சை அவள் விட்டதில்லை.

"நானே உங்க கிட்ட சொல்லணும்னு இருந்தேன் கர்பி. காலையில படி ஏறும்போது ரெண்டு முட்டியும் பழைய கதவு மாதிரி கிரீச்சுங்குது. சாக்ஸ் நான்தான் போட்டு விடறேன்."

"அவ்வளவு மோசமா?"

"போன வாரம் மேவ்கூட ஓடிப் பிடிச்சு விளையாடினார். மேவ் ஜெயிச்சா."

"ஆமா," என்றாள் மேவ், கண் இமைக்காமல். "ரொம்ப சுலபமா."

கர்பி நெற்றியைத் தடவினார். "அப்போ ரெண்டு பேரையும் கீழயே அனுப்பிடறேன். பையன் அங்க நல்லா இருந்தான். ஆனா இவர் இனிமே ஆட முடியாது…"

"முடியவே முடியாது."

"இவர் பக்கத்துல இருக்கணும், ஆனா ஆடக் கூடாது." கர்பி நிமிர்ந்தார். கண்ணில் வெளிச்சம் வந்தது. "க்ளோடெட்! இவரைக் கோச்சாப் போட்டா என்ன?"

"அடடா," என்றாள் க்ளோடெட். "எனக்கு இது தோணவே இல்லையே."

"அதுக்குத்தான் நாங்க இருக்கோம்."

"மூணு வருஷத்துக்குப் போட்டுடுங்க கர்பி. அந்த முட்டி ஆற அவ்வளவு நாளாவது வேணும்."

கர்பி டேப்லெட்டில் குறித்துக்கொண்டே நகர்ந்தார். அறைக் கதவை ஒட்டி, ஈரத்தலையோடு லோர்ன் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"சாக்ஸ் நீ போட்டு விடறியா?" என்றார்.

"வேணும்னா போட்டு விடறேன்."

"மேவ் ஓட்டத்துல ஜெயிச்சாளா?"

"ஜெயிச்சிருப்பேன்பா, நீ வந்திருந்தா," என்றாள் மேவ்.

சிரித்துவிட்டு, லோர்ன் பையைத் தோளில் மாட்டினார். நாலு எட்டு வைத்தபிறகு, ஐஸ் இருக்கும் திசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். க்ளோடெட் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொன்னாலும் அந்த நாலு கோல் குறையாது.

ஊருக்குத் திரும்ப ஈஸ்டனுக்கும் அவர்கள் காரிலேயே இடம் கொடுத்தார்கள். பின்சீட்டில் முட்டி காதைத் தொட, ஒரு முழு பீட்ஸாவைத் தனியாகத் தீர்த்தான். வழியில் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். லோர்ன் குழாயை வண்டியில் செருகிவிட்டு நின்றார். டயருக்குக் காற்று அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் கொட்டி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. ஈஸ்டன் ஷூவோடு அதில் ஏறினான். பின்னோக்கிச் சறுக்கி, இடது பக்கம் திரும்பப் பார்த்தான். கால் இரண்டும் வானத்துக்குப் போக, முதுகு தரையில் மோதிய சத்தம் காருக்குள் கேட்டது.

"அய்யோ!" என்று க்ளோடெட் கதவைத் திறந்தாள்.

"நீ உள்ளயே இரு," என்றார் லோர்ன், நின்ற இடத்தை விட்டு அசையாமல். "தோளை முதல்ல திருப்புடா! கால் தானா வரும்!"

பையன் முனகிக்கொண்டே எழுந்து, பனியைத் தட்டிவிட்டு மறுபடி போய் நின்றான்.

மேவ் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். "அப்பா, அவன் மறுபடியும் விழப் போறான்."

"தெரியும்," என்றார் லோர்ன்.